கதவுக்காரனின் கடைசிச் சுருள்

இரவு ஒன்றரை மணி. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் போகிற வீதி. இரண்டு பக்கமும் காடு. இரண்டு பக்கமும் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை, மிதிவெடி இருக்கிறது என்று. அதனால் அந்த வீதியில் போகிறவன் நடுவால்தான் போவான். ஒதுங்க இடமில்லை. எதிரே எது வந்தாலும்... அதுவும் நடுவால்தான் வரும்.

"என்ன வந்தது?" என்றார் நேசமலர் அக்கா.

"பொறுங்கோ அக்கா. கதையெண்டா ஒரு ஒழுங்கு இருக்கு," என்றார் கனகலிங்கம் அண்ணன்.

இதை அவர் சொன்னது இரண்டாயிரத்து ஒன்பது ஆடி மாதம், போர் முடிந்து எங்களை அடைத்து வைத்த செட்டிகுளத்து முகாமில், ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள். ஐந்து பேருக்கு அடித்த கூடாரத்தில் பதினான்கு பேர் இருந்தோம். நித்திரைக்கு முறை வைத்திருந்தோம். முன்னிரவில் ஏழு பேர் படுத்தால் பின்னிரவில் மற்ற ஏழு பேர். விழித்திருக்கிற முறைக்காரருக்கு ஒரு வேலையும் இல்லை, குந்தியிருப்பதைத் தவிர. முள்ளுக்கம்பி ஓரத்துப் பெரிய லைற்றின் வெளிச்சம் தறப்பாளில் நீலமாக விழும். அந்த வெளிச்சத்தில் எல்லோருமே ஏற்கெனவே செத்தவர்கள் மாதிரித்தான் தெரிவோம். பேய்க்கதைக்குத் தனியாக ஏற்பாடு தேவையில்லை.

"இந்த நேரத்தில உதுகளைப் பற்றிக் கதைச்சா வந்திடுமாம்," என்றார் அக்கா.

"இஞ்சையோ? இஞ்சை வரப் பாஸ் வேணும் அக்கா. வந்தாப் போறதுக்கும் பாஸ் வேணும். விசர்ப் பேயெண்டாத்தான் வரும்."

மூலையில் வெறும் மாச்சாக்கு ஒன்றைச் சால்வை மாதிரி மடித்துத் தோளில் போட்டபடி யோகநாதன் ஐயா இருந்தார். இளைப்பாறிய கல்வி அதிகாரி. தண்ணீரூற்று என்ற ஊரில் பண்பாட்டுக் கழகம் ஒன்றைத் தொடங்கி, அதை விட்டு இறங்காமல் இருந்தவர். தலைவர் என்ற சொல் அந்த நாளில் வன்னியில் ஒரே ஒருவருக்குத்தான்; வேறு எவருக்கும் மிஞ்சியிருக்கவில்லை. ஆகவே தன்னை அவர் 'அவைக்காவலர்' என்று அழைத்துக்கொண்டார். எட்டு முறை இடம்பெயர்ந்ததில் வீடு போனது, மாடு போனது, பல்செட் போனது. அந்தப் பட்டம் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

"கனகலிங்கம், நீர் சொல்லப்போறது அந்தப் படக் கதையெண்டா, உண்மைக்குப் புறம்பாச் சொல்லாதேயும்," என்றார் ஐயா.

"நான் எங்கை ஐயா உண்மை சொன்னனான்? கதைதானே சொல்லுறன்."

கனகலிங்கம் அண்ணன் கராச்காரர். எந்த எஞ்சினுக்கும் எந்த எஞ்சினின் உறுப்பையும் பூட்டி ஓடவைப்பார். கதையையும் அப்படித்தான் பூட்டுவார். "இது எனக்கு நடந்ததில்லை," என்று தொடங்கினார். "என்னோட கராச்சில நிண்ட றம்சீனின்ர மாமாவுக்கு நடந்தது. அரைவாசி நான் கண்டது. மிச்சம் றம்சீன் சொன்னது. றம்சீன் பொய் சொல்லமாட்டான். அவனுக்கு அவ்வளவு கதை வராது."

மாமாவின் பெயர் சரீப். தண்ணீரூற்றில் கடை வைத்திருந்த மனுசன். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்த முஸ்லிம் சனம் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகையால் எவரும் அதைச் சொல்வதில்லை. கையில் அகப்பட்டதைக் கொண்டு போகலாம் என்பது சலுகை. சரீப் இருட்டில் அலுமாரியின் மேல் தட்டைத் தடவி, காணி உறுதிப் பத்திரம் வைத்திருந்த தகரப் பெட்டியைத் தூக்கினார். வாசல் கதவைப் பூட்டினார். திறப்பை, அந்த ஒற்றைச் சாவியை, இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் வைத்துப் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பெட்டி மாறிவிட்டது. உள்ளே உறுதி இல்லை. வட்டமான தகர டப்பா மூன்று. பழைய படச் சுருள்.

"ஊரில எல்லாரும் உறுதியைக் கொண்டு வந்தாங்க. நீங்க சிரிப்புப் படத்தைக் கொண்டு வந்திருக்கீங்க," என்றாராம் அவருடைய மனைவி ஸுஹறா. சொன்னாரே தவிர எறியவில்லை. பதின்மூன்று வருடம் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார்.

சிரிப்புப் படம் என்றது உண்மைதான். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதை அண்டி, கமெராவோடு முல்லைத்தீவுக்கு வந்து, மலேரியாக் காய்ச்சலில் விழுந்து, சரீபின் வாப்பாவின் வாப்பா வீட்டில் மூன்று மாதம் கிடந்த ஒரு பட்டணத்து மனுசன் பிடித்தது. பேசாப் படம். நடித்ததும் அந்த மூத்தவர்தான். வாயைத் திறக்காமலே ஊரைச் சிரிக்க வைக்கிற ஆளாம். கதை இவ்வளவுதான். ஒருவன் தன் வீட்டு வாசல் கதவை நிலையோடு கழற்றி முதுகில் சுமந்துகொண்டு போகிறான். களைத்த இடத்தில் இறக்கி நடுகிறான். திறப்பால் திறந்து, உள்ளே போய், பூட்டிக்கொண்டு, வெட்டவெளியில் படுக்கிறான். சுவர் இல்லை, கூரை இல்லை. ஆனாலும் வருகிறவன் எவனும் பக்கத்தால் போகமாட்டான். நின்று, தொண்டையைச் செருமி, கதவைத் தட்டுவான். அதுதான் சிரிப்பு.

முதல் இரண்டு சுருளையும் சரீப் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். மூன்றாவதை ஒருவரும் பார்த்ததில்லை. அதன் மூடி அந்தக் காலத்திலேயே துருப்பிடித்து இறுகிவிட்டது. முடிவு என்ன என்று கேட்டால் மூத்தவர் மறுமொழி சொல்லமாட்டாராம். சிரிப்பாராம். ஊரையெல்லாம் சிரிக்க வைத்த ஆள் தான் சிரித்தது அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தானாம்.

சமாதானம் வந்தது. பாதை திறந்தது. சரீப் திறப்போடு வந்தார்.

வீடு நின்றது. ஓடு இருந்தது. முதிரை மரத்து வாசல் கதவு இருந்தது. கதவின் நடுவில் மூத்தவர் அடித்த பித்தளைப் பிறை, ஒரு கொம்பு உடைந்தபடி, அப்படியே இருந்தது. அதற்கு மேலே ஒரு புதுப் பலகை: பண்பாட்டுக் கழகம், பணிமனை.

உள்ளே ஐயா இருந்தார்.

"வீடு உம்முடையதில்லை எண்டு நான் சொல்லேல்லை. பாதுகாத்து வைச்சிருக்கிறம். உறுதியைக் கொண்டுவாரும்," என்றார் ஐயா.

"உறுதி இந்த வீட்டு அலுமாரியில இருந்தது ஐயா."

"எந்த அலுமாரி?"

ஐயா சாய்ந்திருந்தது அந்த அலுமாரியில்தான்.

"கதவில பிறை இருக்கே ஐயா. எங்கட வாப்பாட வாப்பா அடிச்சது."

"பிறை சிவபெருமானின்ர சடையிலயும் இருக்குக் கண்டீரோ."

கூடாரத்துக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அது ஆய்வு நோக்கில் சொன்னது," என்றார் மூலையிலிருந்து யோகநாதன் ஐயா. சாக்குச் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

அப்போதுதான் சரீபுக்குப் படம் நினைவு வந்தது. படத்தில் மூத்தவர் சுமக்கிறது இந்தக் கதவை. பிறை, உடைந்த கொம்பு, எல்லாம் அதில் இருக்கிறது. ஊர் கூடியிருக்கிற இடத்தில் அதை ஓடவிட்டால் வேறு உறுதி எதற்கு? வீடு அவருடையது. ஆனால் மனுசன் வியாபாரி. கதவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுபது வருடத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பேசாப் படம் ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஐயா எழும்பிக் கதிரை கொடுத்தார்.

ஒரு கிழமைக்குள் அழைப்பிதழ் வந்தது. 'உலகத் தமிழரின் முதலாவது பேசாப்பட மீட்பு விழா. கண்டெடுத்தவர்: அவைக்காவலர் யோகநாதன்.' அடியில், அச்சகத்தின் பெயருக்கும் கீழே, 'ஒத்தாசை: சரீப் (வியாபாரி).'

படத்தை ஓட்டுகிற வேலை கனகலிங்கம் அண்ணனுக்கு வந்தது. உழவு மெசினின் முன் லைற் ஒன்று, ஒரு பற்றரி, தையல் மெசின் சில்லு ஒன்று, எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள். கையால் சுற்ற வேண்டும். முதல் டப்பாவைத் திறந்தபோது ஒரு மணம் வந்தது. புளித்த பழஞ்சோறும் கற்பூரமும் சேர்ந்த மணம். "அந்தப் படச் சுருளுக்கு ஒரு குணம் இருக்கு," என்றார் அண்ணன். "சுத்திக்கொண்டே இருக்கவேணும். லைற் எரியேக்க கை நிண்டுதெண்டா சூடு ஒரே இடத்தில பிடிச்சு எரியும். வெடிமருந்து மாதிரி. இதை நான் ஐயாவுக்கு மூண்டு தரம் சொன்னனான். சொன்னனானோ இல்லையோ ஐயா?"

"உமது பேச்சு நிகழ்ச்சி நிரலில் இருக்கேல்லை," என்றார் ஐயா.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. அந்த வீட்டு முற்றம். வாசல் கதவுக்கு முன்னால் எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துக் கட்டியிருந்தார்கள், திரை. கழகப் பலகை விழாப் போட்டோவில் விழவேண்டும் என்பதற்காக அந்த இடம். இருநூறு பேருக்குக் குறையாத சனம். நிகழ்ச்சி பதினான்கு. மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை இரண்டு, வாழ்த்துரை நான்கு. பேசாப் படத்தைப் பற்றி ஐயா ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். இது சிரிப்புப் படமே அல்ல என்றார். தத்துவப் படம். கதவு என்பது வீடுபேற்றின் குறியீடு. பார்க்கும்போது எவராவது சிரித்தால் அது பண்பாட்டுக்கு இழுக்கு. வீடுபேற்றைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் சரீப் பின்னால் மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் திறப்பைத் தடவியபடி. அவருக்குக் கதிரை போடவில்லை. ஒத்தாசைக்காரருக்கு எங்கே கதிரை.

பதினொன்றாவது நிகழ்ச்சி, படம். இரவு பத்தே கால்.

சில்லுச் சுற்றியது. தட... தட... தட... திரையில் மழை மாதிரிக் கீறல். அந்தக் கீறலுக்குள்ளால் ஒரு மனுசன் வந்தான், கதவைச் சுமந்துகொண்டு. முகம் வெள்ளை, கண் கறுப்பு. நிலையை நட்டான். திறப்பைத் தேடினான். சட்டைப்பையில் தேடி, தொப்பிக்குள் தேடி, கடைசியில் காதுக்குள்ளிருந்து எடுத்தான்.

முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு தாய். பிறகு முற்றம் முழுக்க. பதின்மூன்று, பதினான்கு வருடமாகச் சிரிப்பைச் சேர்த்து வைத்திருந்த சனம். ஐயா எழும்பி எழும்பிப் பார்த்தார். ஒருவரும் பண்பாட்டுக்கு அடங்கவில்லை.

கள்ளன் வந்தான், கதவைத் தட்டினான், உள்ளே போய் மறுபக்கத்தால் வெளியே வந்து தலையைச் சொறிந்தான். பிச்சைக்காரன் வந்தான், அதேபோல் தட்டி, அதேபோல் மறுபக்கம் வந்தான். மூன்றாவதாக ஊர் அதிகாரி, தலைப்பாகை கட்டிய விதானையார், கையில் கடதாசி. செருமினார். தட்டினார். கதவுக்காரன் திறந்தான், குனிந்தான், கையைக் காட்டினான், வாங்கோ வாங்கோ என்று. விதானையார் உள்ளே போனார்.

மறுபக்கத்தால்... வரவில்லை.

கதவுக்காரன் கதவைச் சாத்தினான். வெளியிலிருந்து பூட்டினான். கையைத் தட்டித் தூசைப் போக்கினான். கதவை முதுகில் ஏற்றினான். முதல் வந்ததைவிடக் கொஞ்சம் கூனியபடி நடந்து போனான்.

அதற்குத்தான் சனம் அதிகமாகச் சிரித்தது.

இரண்டாவது சுருளில் கதவுக்காரன் கிட்ட வந்தான். கதவு திரை முழுக்க நிறைந்தது. பிறை. உடைந்த கொம்பு.

"ஐயோ, இது இந்த வீட்டுக் கதவெல்லோ!" என்று ஒரு பெண் குரல்.

"நான் வேணுமெண்டு சொல்லேல்லை," என்றார் நேசமலர் அக்கா, கூடாரத்து இருட்டுக்குள். "வாயில வந்திட்டுது."

முற்றத்தில் இருநூறு தலையும் ஐயா பக்கம் திரும்பின. மாமரத்தடியில் சரீப் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவருடைய உறுதி, ஊர் முழுக்கப் பார்க்க, வெள்ளை வேட்டியில் எரிந்துகொண்டிருந்தது.

ஐயா பாய்ந்து வெளிச்சத்துக்குள் நின்றார். அவருடைய நிழல் கதவை மறைத்தது. "நிப்பாட்டும்! காட்சியை நிப்பாட்டும்!"

"அவைக்காவலர் சொல்லுறார் எண்டு கை நிண்டு போச்சு," என்றார் கனகலிங்கம் அண்ணன். "அந்தக் கையை நான் பிறகு கனக்க நாள் பார்த்திருக்கிறன்."

சில்லு நின்றது. படமும் நிற்கவேண்டும். கதவுக்காரன் தட்டுவதற்குக் கையை ஓங்கியபடி நின்றான். முகம் சனத்தைப் பார்த்தபடி.

நின்ற படத்தில் கை அசைந்தது.

டொக். டொக்... டொக்.

மரத்தில் தட்டுகிற சத்தம். பேசாப் படத்திலிருந்து. திரைக்குப் பின்னாலிருந்து. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து.

பிறகு படத்தின் நடுவில் ஒரு கபிலப் பொட்டு. அது கொப்பளித்துப் பெருத்தது. பெட்டி குபீரென்று பற்றியது. முதல் இரண்டு சுருளும் சாம்பலாக ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகவில்லை. யாரோ ஓடிப்போய் வேட்டியை இழுத்து விழுத்தினார்கள்.

கதவு இல்லை. நிலையும் இல்லை. பல்லுப் பிடுங்கிய ஈறு மாதிரிச் சுவரில் ஒரு வாய். ஒரு கல் உடையவில்லை. ஒரு பிடி சுண்ணாம்பு கொட்டவில்லை.

சரீப் வந்து அந்த வாய்க்கு முன்னால் நின்றார். கையில் திறப்பு.

"இப்ப கண்டீங்கதானே ஐயா, எல்லாரும் கண்டாங்கதானே. இது எங்கட கதவு."

ஐயா சால்வையைச் சரிசெய்தார். வேர்வையைத் துடைத்தார். முற்றத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டார்:

"எந்தக் கதவு?"

அதுதான் அவருடைய வாழ்க்கையின் மிகச் சிறிய உரை. அதற்குத்தான் பயன் இருந்தது.

ஏனென்றால் சரீப் சனத்தின் பக்கம் திரும்பியபோது, இருநூறு பேரும் தங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கழகத்தின் கடிதம் இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு வேலை எடுக்கேலாது. அவர் நேசமலர் அக்காவிடம் வந்து, "தங்கச்சி, நீங்க சொன்னீங்களே," என்றாராம்.

கூடாரத்தில் நேசமலர் அக்கா காலை மடக்கி இழுத்துக்கொண்டார். தூரத்தில் தண்ணீர்த் தாங்கி ஒழுகுகிற சத்தம்.

"என்ர மகளுக்குக் கழகத்தின்ர பாலர் பள்ளியில வேலை கிடைச்ச மாதம் அது," என்றார் அக்கா. "இருட்டில சரியாத் தெரியேல்லை எண்டு சொன்னனான்."

சரீப் கோபிக்கவில்லையாம். அவரிடம் இன்னும் ஒரு டப்பா இருந்தது. துருப்பிடித்த மூன்றாவது. அதிலும் கதவு இருக்கத்தானே வேண்டும். கொழும்புக்குக் கொண்டுபோய்த் திறப்பிப்போம், காலமை மாங்குளத்தில் பஸ் பிடிப்போம் என்று புறப்பட்டார். றம்சீன் மோட்டார் சைக்கிளை ஓட்டினான். மாமா பின்னால், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு.

அப்படித்தான் இரவு ஒன்றரை மணிக்கு அந்த வீதிக்கு வந்தார்கள்.

முதலில் தவளைச் சத்தம் நின்றது. பிறகு எஞ்சின் சத்தம் நின்றது. றம்சீன் குனிந்து பார்த்தான். எஞ்சின் நிற்கவில்லை. கையில் அதிர்வு இருந்தது. சில்லு சுற்றியது. சத்தம் மட்டும்தான் இல்லை. லைற் மினுங்கி மினுங்கி எரிந்தது. வெளிச்சத்தில் செம்மண் வீதி சிவப்பாக இல்லை. வெள்ளையும் கறுப்பும். மேலிருந்து கீழே மழை மாதிரிக் கீறல் விழுந்துகொண்டிருந்தது... ஆனால் நனையவில்லை. புளித்த பழஞ்சோறும் கற்பூரமும் மணந்தது.

நடுவீதியில் ஒரு மனுசன். முதுகில் கதவு.

அவன் கதவை இறக்கி நட்டான். சட்டைப்பையில் தேடினான். தொப்பிக்குள் தேடினான். காதைத் தட்டிப் பார்த்தான். இல்லை. உதட்டைப் பிதுக்கினான். றம்சீன் பயத்திலும் சிரித்துவிட்டானாம். சிரித்தது வயிற்றில் தெரிந்தது, காதில் கேட்கவில்லை. பக்கத்தால் போயிருக்கலாமே என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். பக்கத்தில் சிவப்புப் பலகை.

அந்த மனுசன் கையை நீட்டினான்.

சரீப் இறங்கினார். இடுப்பிலிருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தார். பதினான்கு வருடத்துத் திறப்பு. கதவு திறந்தது. அதற்கப்பால் காடு தெரிய வேண்டும். தெரிந்தது ஒரு விறாந்தை. சுவரில் மணிக்கூடு. குசினிப் பக்கமிருந்து மா வறுக்கிற மணம், அந்தப் பழஞ்சோற்று மணத்தையும் மீறிக்கொண்டு. மனுசன் குனிந்தான். கையைக் காட்டினான், வாங்கோ வாங்கோ என்று. சரீப் டப்பாவை வீதியில் வைத்தார். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்.

மறுபக்கத்தால் வரவில்லை.

கதவுக்காரன் சாத்தினான். பூட்டினான். கையைத் தட்டித் தூசைப் போக்கினான். முதுகில் ஏற்றினான். முதல் வந்ததைவிட இன்னும் கொஞ்சம் கூனியபடி கிழக்கே நடந்தான். அவன் போன பிறகு எஞ்சின் சத்தம் திரும்பி வந்தது. தவளையும் கத்தியது. வீதியில் ஒரு சோடிச் செருப்பு. பக்கத்தில் மூன்றாவது டப்பா, எழுபது வருடமாகத் திறக்காத மூடி கழன்று கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

றம்சீன் செருப்பைக் கொண்டு புத்தளத்துக்குப் போனான். ஸுஹறா மாமி அழவில்லையாம். ஒன்றுதான் கேட்டாராம்.

"வீடு கிடைச்சுதா?"

"ஓம் மாமி," என்றானாம் அவன். "உள்ளுக்குப் போயிட்டார்."

கனகலிங்கம் அண்ணன் நிறுத்தினார். பீடி ஒன்று இருந்திருந்தால் பற்றவைத்திருப்பார்.

"முடிஞ்சுதோ?" என்றார் ஐயா. "விசாரணைக்குழு அறிக்கையைப் பற்றி நீர் சொல்லேல்லை. காற்றுத்தான் காரணமெண்டு மூண்டு பேர் கையெழுத்து வைச்சவை."

"காத்துத்தான் ஐயா. அந்தக் காத்துத்தான் எங்களையும் அடிச்சுக்கொண்டு வந்தது." அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "சுவரில இருந்த ஓட்டைக்கு நீங்கள் பிறகு வேறை வீட்டுக் கதவைக் கழட்டிப் பூட்டினீங்கள். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு இடம்பெயரேக்க அதையும் கழட்டினீங்கள். நாங்களும் கழட்டினம். கதவு, யன்னல், தகரம், எல்லாம் உழவு மெசினில ஏத்தினம். விசுவமடுவில டீசல் முடிஞ்சுது. பிறகு கதவை முதுகில தூக்கினீங்கள் ஐயா. நான் பின்னால வந்தனான். களைச்ச இடத்தில இறக்கி, பங்கர் வெட்டி, அதை மேல மூடி, உள்ளுக்குப் போய்ப் படுத்து, விடிய எழும்பித் திரும்பவும் தூக்கினீங்கள். அண்டைக்கு முற்றத்தில சிரிச்ச இருநூறு பேரும் அதையேதான் செய்தம். ஒருத்தரும் சிரிக்கேல்லை."

ஐயா சாக்குச் சால்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

"ஒண்டு கேக்கிறன். வைகாசியில, கடைசியா ஆமிப் பக்கம் வரேக்க, வட்டுவாகல் பாலத்துக்கு இஞ்சாலை, மணலில... ஒரு கதவுநிலை தனிய நிண்டது. கண்டனீங்களோ?"

தண்ணீர்த் தாங்கி ஒழுகிக்கொண்டிருந்தது. நான் நினைத்துப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"ஓம்," என்றார் நேசமலர் அக்கா. "கதவு திறந்து கிடந்தது. ஒரு ஆள் பக்கத்தில நிண்டது. வாங்கோ வாங்கோ எண்டு கையைக் காட்டினது. வாய் அசைஞ்சது, சத்தம் கேக்கேல்லை. ஷெல்லடியில காது அடைச்சுப் போச்செண்டு நினைச்சன்."

"அதுக்குள்ளாலயோ வந்தனீங்கள்?"

"எல்லாரும் அதுக்குள்ளாலதானே வந்தவை. பக்கத்தால வந்திருக்கலாம்தான்... வெறும் மணல். ஆனா கதவெண்டு ஒண்டு நிண்டா ஆக்கள் கதவாலதானே வருவினம். நான் செருப்பைக்கூடக் கழட்டினனான்."

நீல வெளிச்சத்தில் அவருடைய கால் தெரிந்தது. அவர் முகாமுக்கு வந்த நாளிலிருந்து செருப்பில்லை.

"என்ன கதவெண்டு கவனிக்கேல்லை," என்று முடித்தார்.

மூலையில் சாக்குச் சால்வை அசைந்தது. ஐயாவின் குரல் வந்தது. அவைக்காவலரின் குரல் அல்ல. பல்லில்லாத ஒரு கிழவனின் குரல்.

"முதிரை," என்றார். "நடுவில பிறை இருந்தது. ஒரு கொம்பு உடைஞ்ச பிறை."

ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர் அதைச் சொன்னார். சாட்சிக்குச் சரீப் இல்லை.

எங்கள் கூடாரத்துக்குக் கதவு கிடையாது. வாசல் என்பது தொங்குகிற தறப்பாள், ஒரு சணல் கயிற்றால் கட்டியது. ஆகவே அந்தச் சத்தம் கேட்டபோது ஒருவரும் எழும்பவில்லை. தட்டுகிற சத்தம் இல்லை. தட்டியிருந்தால் பரவாயில்லை. பழைய பூட்டுக்குள் திறப்புத் திரும்புகிற சத்தம். ஒரு தரம்... இரண்டு தரம். வெளியிலிருந்து.

பிறகு கையைத் தட்டித் தூசு போக்குகிற சத்தம்.

பிறகு, மிகக் கிட்டத்தில், பெரிய பாரம் ஒன்றை முதுகில் ஏற்றுகிறவன் விடுகிற மூச்சு.